பயிர் காய்கிறது: இந்த முறை சரியாகக் கேட்க விரும்புகிறேன் (வட்டக்கச்சி, நெல் 64ஆம் நாள்)

வட்டக்கச்சி வயல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சி வட்டக்கச்சியில் இரண்டு ஏக்கர் வயல் செய்கிறேன். இரணைமடுக் குளத்து வாய்க்கால் தண்ணீர்தான் பாய்கிறது. கணவர் இருந்த காலத்தில் வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோவதோடு என் வேலை முடிந்துவிடும். அவர் போய் ஐந்து போகம் ஆகிறது. வரம்பு கட்டுவதிலிருந்து சூடடிப்பதுவரை இப்போது எல்லாவற்றையும் நான்தான் பார்க்கிறேன். நெல்லைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று இன்றும் வருந்துகிறேன்.

கேட்க வந்தது பயிரைப் பற்றி. ஆனால் அதற்கு முன் கேள்வி கேட்பதைப் பற்றியே கேட்க வேண்டியிருக்கிறது.

சென்ற காலபோகத்தில், அதாவது மாரிகால நெற்போகத்தில், மார்கழிக் கடைசியில் வயலின் நடுவே ஒரு துண்டு மஞ்சளாகிக் காயத் தொடங்கியது. மகன் என் கைத்தொலைபேசியில் ஒரு பெரிய விவசாயக் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டிருந்தான். வரம்பில் நின்று ஒரு படம் எடுத்து, “பயிர் காய்கிறது, என்ன மருந்து அடிக்கலாம்?” என்று எழுதிப் போட்டேன். இரவு சமையல் முடித்துப் பார்த்தால் 41 பதில்கள். என் வயலுக்காக இத்தனை பேர் யோசித்திருக்கிறார்களே என்று கண் கலங்கிவிட்டது. ஒருவர் எரிபந்தம் என்றார். ஒருவர் பொட்டாசியம் போதவில்லை என்றார். வேறொருவர் மருந்தின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் மட்டும் போட்டிருந்தார். எரிபந்தம் என்றவர்கள்தான் அதிகம் என்று எண்ணிப் பார்த்து, கடன் பட்டு அந்த நோய்க்கான மருந்தை வாங்கி இரண்டு முறை அடித்தேன். பாய் அளவில் இருந்தது பத்து நாளில் முக்கால் ஏக்கருக்குப் பரவிவிட்டது. நெருப்பு வைத்ததுபோல் பொசுங்கிக் கிடந்தது. வெட்டு இயந்திரம் அந்தப் பக்கம் இறங்கவே இல்லை.

யாரும் எனக்குக் கெடுதல் செய்ய நினைத்ததாக நான் நம்பவில்லை. நான் கேட்ட விதத்தில் பிழை இருந்திருக்கிறது. 41 பேரில் ஒருவர்கூட என் வயலைக் காணவில்லை. காணும்படி நான் எதையும் சொல்லவும் இல்லை.

இன்று காலை போனபோது அதே மாதிரி ஒரு மஞ்சள் வட்டம். பாய் அளவுதான். இந்த மன்றத்தின் பழைய உரையாடல் இழைகளை இரண்டு நாளாக வாசித்தேன். ஆட்கள் குறைவு, ஆனால் ஒருவரை ஒருவர் திருப்பிக் கேட்டுப் பேசுகிறார்கள். அதனால் துணிந்து எழுதுகிறேன். நான் எதை எழுதினால், எதைப் படம் எடுத்தால் உங்களால் சொல்ல முடியும்? வருகிற பதில்களில் எதை நம்பி வயலுக்குள் இறங்குவது?

சம்மாந்துறைக் கமக்காரன் எழுதியது:

அக்கா, மற்றதெல்லாம் பிறகு. முதலில் வட்டத்தின் ஓரத்தில், இன்னும் பச்சையாக இருக்கும் பயிரைக் கையால் விலக்கி அடியைப் பாருங்கள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கபில நிறத்தில் சிறு பூச்சிகள் அடை அடையாக ஒட்டியிருக்கின்றனவா? அப்படியானால் எங்கள் பக்கம் அதற்கு அறக்கொட்டியான் என்று பெயர். வரம்பில் நின்று பார்த்தால் கடைசிவரை தெரியாது.

வவுனியா, ஓய்வுபெற்ற போதனாசிரியர் எழுதியது:

பிள்ளை, கேட்ட விதத்தில் பிழை என்று நீங்களே கண்டுகொண்டது பெரிய விஷயம். முப்பது வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன் நான். அலுவலகத்துக்கு வந்து “பயிர் காய்கிறது ஐயா” என்று சொல்லாத கமக்காரர் இல்லை. நான் ஒருநாளும் அங்கேயிருந்து பதில் சொன்னதில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போவேன். இங்கே நான் வயலுக்கு வர முடியாது. ஆகவே வயலை நீங்கள் எனக்குக் கொண்டுவர வேண்டும்.

நெல் காய்வதற்குப் பல காரணங்கள் உண்டு; தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். எரிபந்தம் என்றால் இலையில் கண் வடிவப் புள்ளி இருக்கும்; இரண்டு முனையும் கூர், நடு சாம்பல் நிறம், ஓரம் கபிலம். இரவில் குளிரும் பனியும் கூடினால் அது வேகமாகப் பரவும். பற்றீரியா வெளிறல் என்றால் இலை நுனியிலிருந்து ஓரம் வழியாக அலை அலையாகக் காய்ந்து இறங்கும். புதிதாக வெட்டிய இலைத் துண்டைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நிறுத்தினால் வெட்டுவாயிலிருந்து பால்போலக் கசியும். தத்தி, அதாவது தம்பி சொன்ன அறக்கொட்டியான் என்றால் இலையில் புள்ளி எதுவும் இராது. பயிர் வட்டமாக, நடுவிலிருந்து வெளியே காயும். சாறு உறிஞ்சுகிற பூச்சி அடியில் இருக்கும். எரிபந்தம் பங்கசு, அதாவது பூஞ்சணத்தால் வரும் நோய்; நீங்கள் சென்ற முறை அடித்தது பங்கசுக்கான மருந்து. உங்கள் வயலில் இருந்தது தத்தி என்றால் அதற்கு அந்த மருந்து தெரியவே தெரியாது.

இப்போது எனக்கு வேண்டியவை: என்ன இனம், எந்த வாரம் விதைத்தது, ஏக்கருக்கு எத்தனை புசல் விதைநெல், யூரியா எப்போது எவ்வளவு, இதுவரை என்ன மருந்து எந்த நாளில் அடித்தது, வயலில் எத்தனை அங்குலம் தண்ணீர் நிற்கிறது, வட்டம் பள்ளத்திலா மேட்டிலா. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பசளை கூடப் போட்டிருந்தால் அதை மறைக்க வேண்டாம். கமக்காரர் வெட்கப்பட்டு மறைப்பது எப்போதும் அதைத்தான். எனக்கு முதலில் தெரிய வேண்டியதும் அதுதான்.

படம் மூன்று எடுங்கள். முழு வயலும் தெரியும்படி ஒன்று. வேரோடு பிடுங்கிய ஒரு பயிர், வெள்ளைத் துணியில் வைத்து ஒன்று. பயிரின் அடிப்பகுதி மிகக் கிட்டத்தில் ஒன்று. பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்தால் பூச்சியின் அளவு தெரியும். அந்தப் பிடுங்கிய பயிரை எறிந்துவிடாமல் பையில் போட்டுக் காலையில் உங்கள் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கும் எடுத்துக் கேட்கலாம். நான் இங்கே சொல்வதை அங்கே ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பிட்டீர்கள் என்று நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எதை நம்புவது என்று கேட்டீர்கள். உங்களிடம் திருப்பிக் கேள்வி கேட்காமல் மருந்தின் பெயரைச் சொல்கிறவரை விட்டுவிடுங்கள்.

வட்டக்கச்சி வயல் எழுதியது:

ஐயா, சம்மாந்துறைத் தம்பி, இருவருக்கும் நன்றி. டோர்ச் எடுத்துக்கொண்டு மகனையும் கூட்டிக்கொண்டு இப்போதுதான் போய் வந்தோம்.

இனம் ஏ.டி. 362. கார்த்திகை முதல் வாரம் வீச்சு விதைப்பு. ஏக்கருக்கு மூன்றரைப் புசல் போட்டேன். முளை குறைந்துவிடும் என்ற பயம். 30ஆம் நாள் இலை சுருட்டியிருந்தது, மடிச்சுக்கட்டிப் புழு என்று கடையில் தந்த மருந்தை வயல் முழுவதும் அடித்தேன். 48ஆம் நாள் கடைசி யூரியா. சொன்ன அளவைவிட ஏக்கருக்குப் பத்துக் கிலோ கூடப் போட்டேன். சென்ற முறை நட்டப்பட்டதை இந்த முறை எடுத்துவிட வேண்டும் என்ற ஆசைதான் காரணம். தண்ணீர் நான்கு அங்குலம் நிற்கிறது. வட்டம் இருப்பது பள்ளத்தில், வடிகால் பக்கம். இலையில் கண் வடிவப் புள்ளி ஒன்றுகூட இல்லை.

வெள்ளைத் துணி ஈரமாகிவிட்டது. ஐஸ்கிரீம் பெட்டி மூடியைப் பயிருக்கு அடியில் பிடித்துத் தண்டை நாலு தட்டுத் தட்டினேன். மூடி நிறையப் பூச்சி. பக்கவாட்டில் நடந்து பாய்கின்றன. 20 வரை எண்ணினேன், அதற்குமேல் எண்ண முடியவில்லை. சிலந்தி ஒன்று மட்டும் இருந்தது. படங்கள் மூன்றும் போட்டிருக்கிறேன். நாணயம் ஐந்து ரூபாய்.

சென்ற வருடமும் இதேதான் நின்றிருக்கிறது ஐயா. நான் முழங்காலுக்குக் கீழே குனிந்து பார்க்கவில்லை.

தஞ்சைக் கழனி எழுதியது:

அம்மா, வணக்கம். நான் காவிரி டெல்டாவில் சம்பா சாகுபடி செய்பவன். உங்கள் படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் இதன் பெயர் புகையான். நீங்கள் எரிபந்தம் என்பதை நாங்கள் குலைநோய் என்கிறோம். உங்கள் பசளை எங்களுக்கு உரம். பழைய இழைகளை இரண்டு நாள் வாசித்ததாக எழுதியிருந்தீர்கள். “புகையான்” என்று தேடிப் பாருங்கள். இந்தப் பூச்சியைப் பற்றித் தமிழில் பேசியிருப்பது நிறையக் கிடைக்கும். “கபில நிறத் தத்தி” என்று மட்டும் தேடினால் இலங்கையில் எழுதியதுதான் வரும். ஒரே மொழிக்குள் இத்தனை பெயர் இருப்பதால் பக்கத்தில் இருக்கும் பதில்கூடக் கண்ணில் படாமல் போகிறது என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

நாங்கள் செய்வது: தண்ணீரை உடனே வடிப்போம். நடவு வயலில் எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுவோம், அதாவது இடைவெளி. காற்றும் வெயிலும் அடித்தண்டுக்குப் போனால் புகையானுக்கு ஆகாது. உங்களுடையது விதைப்பு என்பதால் நீளக் கம்புகளை வைத்துப் பயிரை இரு பக்கமும் சாய்த்துப் பிரித்துவிடலாம். மருந்து அடிக்க நேர்ந்தால் விசிறி முனை தண்டின் அடியை நோக்க வேண்டும். இலைமேல் அடிப்பது வீண்.

ஒரு எச்சரிக்கை. எங்கள் பக்கத்துப் பழைய பதிவுகளில் இருக்கும் மருந்துப் பெயர்களை அப்படியே எடுக்காதீர்கள். உங்கள் நாட்டில் அனுமதி உண்டா என்று அங்கே உள்ளவர்களிடம் கேளுங்கள்.

வவுனியா, ஓய்வுபெற்ற போதனாசிரியர் எழுதியது:

தஞ்சைத் தம்பி சொன்னது மிகச் சரி. மொனோகுரோட்டோபொஸ் என்ற பூச்சிமருந்து 1995ஆம் ஆண்டே இங்கே தடை செய்யப்பட்டது. பிறகு வேறு சிலவும் நின்றன. பதிலுக்கும் ஊர் உண்டு, வருடம் உண்டு. பழைய இழையை வாசிக்கும்போது திகதியையும் எழுதியவரின் இடத்தையும் முதலில் பாருங்கள்.

பிள்ளை, உங்கள் விபரம் வந்ததும் கதை முழுதாகத் தெரிகிறது. பத்தலகொடவில் இருந்தாலும் பரந்தனில் இருந்தாலும் நெல் ஆராய்ச்சியாளர் இதைத்தான் சொல்வார். பரிந்துரைக்கும் அளவு ஏறத்தாழ இரண்டு புசல். மூன்றரை போட்டதால் அடியில் காற்றே இல்லை. கூடிய யூரியா தண்டை மென்மையாக்கிப் பூச்சிக்கு ஏற்றதாக்கியது. 30ஆம் நாள் அடித்த மருந்து மடிச்சுக்கட்டியோடு சிலந்தியையும் கொன்றது. மூடியில் ஒரே ஒரு சிலந்தி என்று எண்ணிச் சொன்னீர்களே, நூறு வார்த்தைக்குப் பெறுமதி அது. சிலந்திதான் தத்தியைத் தின்று வயலைக் காப்பது. இந்தோனேசியாவில் மருந்து அடிக்க அடிக்கத் தத்தி பெருகி, கடைசியில் 1986இல் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளை அரசே தடை செய்தது. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் பயிற்சி வகுப்பில் இதை எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

யூரியாவை மறந்துவிடுங்கள். நாளைக்கே தண்ணீரை வெட்டி மூன்று நான்கு நாள் காயவிடுங்கள். கம்பு வைத்துப் பிரியுங்கள். மருந்து வட்டத்துக்கும் அதைச் சுற்றிய ஓரத்துக்கும் மட்டும் போதும். எந்த மருந்து, எந்த அளவு என்பதை உங்கள் பகுதிப் போதனாசிரியர் பயிரைப் பார்த்துச் சொல்லட்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை அதே மூடியை அதே இடத்தில் பிடித்து எண்ணி இங்கே எழுதுங்கள்.

புதுக்குடியிருப்பு இயந்திரம் எழுதியது:

நெல்லைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. லான்ட்மாஸ்டர், அதாவது இரண்டு சில்லு உழவு இயந்திரம் திருத்துகிறவன். ஆனால் அக்கா கேட்ட இரண்டாவது கேள்விக்கு என் அனுபவம் ஒன்று இருக்கிறது.

காலையில் ஸ்டார்ட் ஆகாத ஓர் இயந்திரத்தோடு ஒரு கிழமை மல்லுக்கட்டினேன். ஒரு குழுவில் கேட்டேன், எல்லோரும் பம்பை மாற்று என்றார்கள். பொலன்னறுவையில் ஒருவர் மட்டும் சிங்களத்தில், புகை வெள்ளையா கறுப்பா, சத்தத்தைப் பதிவு செய்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். கடைக்கு வந்த ஒரு பொடியன் வாசித்துச் சொன்னான். சத்தத்தை அனுப்பினேன். அமுக்கம் குறைவு, வால்வைப் பார் என்றார். வால்வுதான். பம்பு வாங்கியிருந்தால் காசு போயிருக்கும். சரிவந்த பிறகு இயந்திரம் ஓடும் சத்தத்தையும் பதிவு செய்து அனுப்பினேன். அதற்கு அவர் பட்ட மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. பதில் சொன்ன இத்தனை வருடத்தில் திரும்பி வந்து முடிவைச் சொன்னவர்கள் மிகக் குறைவு என்றார். இப்போது பெருநாளுக்குப் பெருநாள் பேசிக்கொள்கிறோம். போன வருடம் வற்றாப்பளைப் பொங்கலுக்கு மனைவி பிள்ளைகளோடு வந்து எங்கள் வீட்டில் தங்கிப் போனார்.

அக்கா, வயல் எப்படி முடிந்தாலும் வந்து எழுதுங்கள். நட்டமென்றாலும் எழுதுங்கள்.

வட்டக்கச்சி வயல் எழுதியது, ஏழு வாரங்களின் பின்:

எழுதச் சொன்னபடி வந்திருக்கிறேன். இடையில் எண்ணிக்கையை மட்டும் போட்டுவிட்டுப் போனதற்கு மன்னியுங்கள், நடந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

அடுத்த நாள் பயிரைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். போதனாசிரியர் இளம் பிள்ளை. பையைத் திறந்து பார்த்ததும் வயலுக்கே வந்துவிட்டார். மருந்தை எழுதித் தந்து, அடிக்கும்போது கூட நின்றார்.

கடினமாக இருந்தது தண்ணீர் வெட்டியதுதான். என் வயலை வெட்டினால் கீழ் வயல் அண்ணருக்குப் போகும். அவருக்குக் கதிர் வரும் நேரம், தண்ணீர் ஏற வேண்டாம் என்று கோபித்தார். அவரிடம் படம் எடுக்கும் தொலைபேசி இல்லை, எந்தக் குழுவிலும் அவர் இல்லை. நான் ஒன்றும் பேசாமல் அந்த மூடியை அவருடைய பயிருக்கு அடியில் பிடித்துத் தட்டிக் காட்டினேன். அவருடைய வயலிலும் பதினொன்று. சற்று நேரம் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் வடிகாலையும் மண்வெட்டியால் திறந்துவிட்டார். இருவருமாகக் கம்பு பிடித்து இரண்டு வயலையும் பிரித்தோம். தஞ்சைத் தம்பி, நீங்கள் எழுதிய பட்டத்தைத்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

மூடியில் 20க்கு மேல் இருந்தது ஆறாம் நாள் ஒன்பது, பன்னிரண்டாம் நாள் நான்கு. சிலந்தி ஏழு. வட்டம் இரண்டு பாய் அளவோடு நின்றது. இரண்டு ஏக்கரிலும் சேர்த்து 49 மூடை. சென்ற காலபோகத்தில் 27. இது பெரிய விளைச்சல் அல்ல என்று தெரியும். கடன் அடைந்தது, விதைநெல்லும் வீட்டில் இருக்கிறது. அடுத்த முறை இரண்டு புசலுக்குமேல் போடமாட்டேன் ஐயா.

கீழ் வயல் அண்ணருக்காக இப்போது ஒரு கேள்வி. அவருடைய மேட்டுக்காணி அரை ஏக்கரில் கச்சான், அதாவது நிலக்கடலை. முறிகண்டிக் கடைக்காரருக்குக் கொடுப்பதற்காகப் போட்டது. செம்மண், கிணற்றுப் பாய்ச்சல், நாலு நாளுக்கு ஒரு தண்ணீர். விதைத்து 42 நாள். கீழ் இலைகளில் கபில நிற வட்டப் புள்ளி, சுற்றி மஞ்சள் வளையம். மேல் இலையில் இன்னும் இல்லை. கிணற்றுப் பக்கத்து நாலு வரிசையில்தான் கூட. இதே காணியில் சென்ற வருடமும் கச்சான்தான். மருந்து இதுவரை எதுவும் அடிக்கவில்லை, அடிக்க வேண்டாமென்று நான் நிறுத்தி வைத்திருக்கிறேன். முழுக் காணி ஒன்று, பிடுங்கிய செடி ஒன்று, இலையின் இரு பக்கமும் ஐந்து ரூபாய் நாணயத்தோடு ஒன்று, படங்கள் கீழே. இதற்கு உங்கள் ஊர்களில் என்ன பெயர்?